பொட்டு வைத்த ஸ்விட்ச்

நியூ டவுனில் வந்து இறங்குகிற நெட்வொர்க் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது எந்த காலேஜ் என்றுதான். காரக்பூர் என்பேன். உடனே முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவார்கள். அவர்கள் நினைப்பது அங்கே இருக்கிற பெரிய இன்ஜினியரிங் காலேஜ். நான் சொல்வது ரயில்வே காலனி. அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் ஒன்பதாவது ஃபெயில். கேபிள் இழுக்கிற கூலியாக ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியவன், ரிட்டயர் ஆகும்போது ஒரு கம்பெனியின் நெட்வொர்க் தலைவன். இந்த ஊரில் நான் நுழையாத சர்வர் ரூம் குறைவு. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சம்பாதித்த பெருமை, வட்டியோடு செலவழிக்கிறேன்.

சப்நெட் பிரிப்பது, ஸ்விட்ச்சில் போர்ட் ஒதுக்குவது பற்றியெல்லாம் உங்களுக்கு எழுதப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். ஆனால் எல்லாம் நின்றுபோய், நாலு பேர் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்போது உங்கள் கை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஏதாவது ஒரு பட்டனைத் தேடும். என் கை ரொம்ப மோசம். இப்போதும் வீட்டில் ரௌட்டர் விளக்கு கொஞ்சம் வேறு மாதிரி சிமிட்டினால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவேன். வீட்டுக்காரி தட்டை மூடி வைத்துவிட்டு டிவி பார்ப்பாள்.

அந்தக் கையை அடக்குவதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தேன். சிக்கலான சர்வர் ரூமுக்குள் நுழைந்தால் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டும். கோயில் பிரகாரம் சுற்றுவது போல. தொடக் கூடாது. பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், காது கொடுத்துக் கேட்கலாம். என் டீமில் எல்லோருக்கும் இதுதான் சட்டம். இது எனக்குக் கைகொடுத்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

கிடர்பூர் டாக் பக்கம், கப்பல்கள் வந்து நிற்கிற இடத்தில், ஒரு ஷிப்பிங் ஏஜென்ட். பெயர் வேண்டாம். கீழே குடோன், மேலே ஆபீஸ். கப்பலில் ஏறுகிற ஒவ்வொரு கன்டெய்னருக்கும் உள்ள காகிதம், எடைச் சீட்டு, எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்ற திட்டம், எல்லாம் ஸ்கேன் செய்து அவர்களுடைய ஸ்டோரேஜ் கிளஸ்டரில் இருந்தது. நாலு மெஷின். ஒவ்வொரு காகிதமும் மூன்று மெஷினில் மூன்று நகல். அதற்கு நாங்கள் இரண்டு தெரு போட்டுக் கொடுத்திருந்தோம். முன்தெரு ஒரு சப்நெட், ஆபீஸ்காரர்கள் காகிதம் கேட்டு வருகிற வழி. பின்தெரு இன்னொரு சப்நெட், மெஷின்கள் தங்களுக்குள் நகல் பரிமாறிக்கொள்கிற வழி. பின்தெருவில் இரண்டு ஸ்விட்ச், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்.

ஒப்படைத்த நாளில் ஆபீஸ் மொத்தத்தையும் கூப்பிட்டு நிறுத்தினேன். "இதுல ஒண்ணு படுத்துக்கிட்டாலும் உங்க வேலை நிக்காது" என்று சொல்லி, மேல் ஸ்விட்ச்சின் பவரை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் பிடுங்கினேன். வேலை நிற்கவில்லை. கை தட்டினார்கள். பின்வரிசையில் அந்தக் கட்டடத்து எலெக்ட்ரீஷியன் நித்யதா நின்றிருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய மனுஷர், டெஸ்டரைக் காதில் சொருகியிருப்பார். அவர் கை தட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டி, மனசில் வாங்கி வைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து, நகல் எடுப்பது மெதுவாக இருக்கிறது என்று பின்தெருவைப் பெரிய மூட்டைகள் போகிற மாதிரி அகலமாக்கினோம். நீங்கள் ஜம்போ ஃப்ரேம் என்பீர்களே, அதுதான். அதோடு ஸ்விட்ச்சுகளை மேற்பார்வை பார்க்கிற முகவரிகளையும் புது சப்நெட்டுக்கு மாற்றினோம். எல்லாம் ஜம்மென்று ஓடியது. வீட்டுக்குப் போய்விட்டோம்.

விஸ்வகர்மா பூஜை வந்தது, வங்காளத்து ஆயுத பூஜை. டாக் பக்கம் அன்று ஒருவனும் வேலை செய்ய மாட்டான். லாரி முதல் லேத் வரைக்கும் மாலை. வானம் பூராவும் காற்றாடி. மறுநாள் காலையில் போன்.

பேசியது ரணோ. ஏஜென்ட் முதலாளியை எல்லோரும் பெரிய பாபு என்பார்கள். இவன் அவருடைய அக்கா மகன், கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு. வேண்டிய காகிதம் திறக்கவில்லை என்றான். டாக்குக்குள் ஒரு கப்பல் முழுக்க ஏற்றி நிற்கிறது. மதியத்துக்கு மேல் ஆற்றில் ஜோயார், அதாவது நீரேற்றம். அப்போதுதான் டாக்கிலிருந்து ஆற்றுக்குப் போகிற லாக் கேட்டைத் திறப்பார்கள். கப்பலில் கெமிக்கல் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றின் காகிதமும் ஏற்றுத் திட்டமும் கையில் இல்லாமல் கேட்டைத் தாண்ட விட மாட்டார்கள். அந்தக் கப்பல் கம்பெனி போன முறையே எச்சரித்திருந்தது: இன்னொரு ஜோயார் தவறினால் வேறு ஏஜென்டிடம் போய்விடுவோம் என்று. அந்த ஆபீஸுக்குச் சோறு போடுகிற கம்பெனியே அதுதான். 

நியூ டவுனில் கேப் பிடித்தேன். வழியெல்லாம் டிரைவரை விரட்டி, கிடர்பூர் வந்ததும் லாரிகளுக்கு நடுவில் வண்டி நகராமல் நிற்க, இறங்கி நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். என் டீமில் ரம்யா எனக்கு முன்பே போயிருந்தாள். லேக் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். வங்காளம் வாயில் சரளமாக வரும், தமிழை வீட்டோடு வைத்திருக்கிறாள். நல்ல படிப்பு. அதைவிட முக்கியம், பதறாத விரல்.

மேலே போனால் சந்தைக்கடை. டாகுமென்ட் பார்க்கிற பிஸ்வாஸ் பாபு ஒரு ஃபைலைத் திறக்கப் பார்த்து, அது சுற்றிக்கொண்டே இருக்க, ஜன்னல் வழியாக ஆற்றை எட்டிப் பார்ப்பார். திரும்ப வந்து உட்காருவார். பெரிய பாபு யாரையோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ரணோ ஏற்கெனவே ஒரு மெஷினை ரீஸ்டார்ட் செய்துவிட்டான். மற்ற மூன்றையும் செய்யப் போகிறேன் என்று கிளம்பியவனை, சர்வர் ரூம் கதவுக்குக் குறுக்கே நின்று மறித்தேன்.

நோய்க்குறி விசித்திரமாக இருந்தது. நாலு மெஷினும் உயிரோடு இருக்கிறேன் என்றது. ஃபைல் பெயர்கள் தெரிந்தன. ஒரு ஃபைல் திறக்கும், அடுத்தது திறக்காது. நாடி ஓடுகிறது, சோறு இறங்கவில்லை. ரணோ எழுப்பிய மெஷின் விட்டுப்போன நகல்களை மற்றவற்றிடம் கேட்டு நச்சரிக்க, தெரு இன்னும் அடைத்துக்கொண்டது.

பெரிய பாபு வந்து, எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் என்ன என்று கேட்டார். பாதி எழுதின நகல்களோடு எல்லாம் ஒன்றாக விழுந்தால், எழுந்த பிறகு எது உண்மையான காகிதம் என்று மெஷின்களுக்கே தெரியாமல் போகலாம், ஒரு கப்பலுக்காக எல்லாக் கப்பலின் காகிதத்தையும் பணயம் வைக்காதீர்கள் என்றேன்.

"எல்லாக் கப்பலும் எனக்கு வேணாம், தாதா," என்றார், வங்காளத்து அண்ணன் முறையில். "இந்தக் கப்பல் வேணும்."

 உள்ளுக்குள் என் கையும் அதையேதான் சொன்னது. அணை, போடு. எத்தனை முறை அப்படிச் செய்து ஜெயித்திருக்கிறேன்! ஆனாலும் கதவை விட்டு நகரவில்லை.

யார் கை வைத்தது என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் "கேயு ஹாத் தேயனி" என்றார்கள். யாரும் தொடவில்லை. பெரிய பாபு கோபத்தில், தொட்டவன் எவன் என்று தெரிந்தால் நாளைக்கு இந்தப் படி ஏற மாட்டான் என்று கத்தினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் ஒரு வாய் திறக்கவில்லை. இருமக்கூட யோசித்தார்கள்.

ரம்யா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சார், சின்னது போறது. பெரிசு போக மாட்டேங்கறது. அதுவும் எப்பவும் இல்ல, பாதி நேரம்."

எனக்குப் புரிந்துவிட்டது. பின்தெருவில் எங்கேயோ ஒரு தாழ்ந்த வளைவு. சைக்கிள் குனிந்து போய்விடும், லாரி மாட்டிக்கொள்ளும். மெஷின்கள் ஒன்றையொன்று "இருக்கியா, இருக்கேன்" என்று கேட்பது சைக்கிள். காகிதம் லாரி.

லேப்டாப்பில் கீழ் ஸ்விட்ச்சைத் திறந்து காட்டினாள். அகலமாகத்தான் இருந்தது, நாங்கள் வைத்தபடி. மேல் ஸ்விட்ச்சைத் திறக்கப் போனால் பதிலே இல்லை. புது சப்நெட்டில் அப்படி ஒரு ஆளே இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் விளக்குகள் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டு, டேட்டாவைக் கடத்திக்கொண்டுதான் இருந்தது. நேரடியாகச் சொருகிப் பேசுகிற கன்சோல் கேபிள் எங்கள் ஆபீஸில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆள் கிளம்பியாயிற்று. அவன் எந்தப் பாலத்தில் எந்த லாரிக்குப் பின்னால் நிற்கிறானோ.

அப்படியானால் மேல் ஸ்விட்ச்சைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். ரணோவும் அதைத்தான் சொன்னான். நான் ரம்யாவைப் பார்த்தேன். தெருவை அகலமாக்கிய பிறகு கீழ் ஸ்விட்ச் தனியாக எல்லாப் பாரத்தையும் தாங்கியிருக்கிறதா என்று அவள் கேட்டாள். சோதித்துப் பார்க்கவில்லை. நான் கை தட்டல் வாங்கியது அதற்கு முந்தைய கதை. தாங்காவிட்டால், நகல் பாதியில் இருக்கும்போது பின்தெரு மொத்தமும் அறுந்துவிடும். ரணோவைத் தடுத்தேனே, அதே காரியத்தை நானே செய்ததாக ஆகும்.

ஜன்னல் பக்கம் பிஸ்வாஸ் பாபு தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்றார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். ரணோ தானாகவே கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்தான். பெரிய பாபுவும் வந்தார், ஆனால் கையில் போன். ரேக்கைச் சுற்றி வந்து, மேல் ஸ்விட்ச்சுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனேன்.

அதன் நெற்றியில் ஒரு பொட்டு. சிந்தூரம். பக்கத்தில் கேபிள் இடுக்கில் ஒரு சாமந்தி இதழ். குனிந்து, பேட்டரி அடுக்குக்குப் பின்னால் முக்கால்வாசி மறைந்திருக்கிற கீழ் ஸ்விட்ச்சைப் பார்த்தேன். அதற்குப் பொட்டு இல்லை. கை எட்டியிருக்காது.

அப்பா வேலை செய்த ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை பார்த்து வளர்ந்தவன் நான். ஓடுகிற மெஷினுக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள். முதலில் நிறுத்துவார்கள். துடைப்பார்கள். பிறகுதான் சந்தனம், குங்குமம். வருஷம் பூராவும் உழைத்ததற்கு அன்றைக்கு அதற்கு ஓய்வு. இதை யாரும் மெஷினைத் தொட்டதாகக் கணக்கு வைப்பதில்லை. அது மரியாதை. அங்கே ஒருவனும் பொய் சொல்லியிருக்கவில்லை. நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

படிக்கட்டில் நித்யதா உட்கார்ந்திருந்தார். கையில் மண் கோப்பையில் டீ, ஆறிப்போயிருந்தது, குடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு உட்காரவே முடியவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன். நேற்று பூஜை எப்படி நடந்தது, புரோகிதர் நல்லபடியாகச் செய்தாரா என்று விசாரித்தேன்.

அவர் முகம் திறந்துகொண்டது. வங்காளத்தில் மளமளவென்று சொன்னார். சாரத்தைத் தமிழில் தருகிறேன். ஜெனரேட்டருக்குச் செய்தார்கள், குடோன் கிரேனுக்குச் செய்தார்கள், மேலே இத்தனை பெரிய மெஷின்கள் இருக்கும்போது அவற்றுக்கு ஒன்றும் இல்லையா என்று நினைத்தாராம். ஆனால் பெரிய மெஷின்களை நிறுத்தக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"நீங்கதான சொன்னீங்க தாதா, ரெண்டுல ஒண்ணு படுத்துக்கலாம்னு? அதான் மேல இருக்கறவனை மட்டும் படுக்க வெச்சேன்."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். புஷ்பாஞ்சலி முடிந்து, பிரசாதம் கொடுத்து, எல்லோரும் கிச்சுரி சாப்பிட்டு எழுகிற வரைக்கும் என்றார். ஒரு மரியாதைக்குத்தானே, அவசரப்படுத்துவானேன்?

 அவ்வளவு நேரமும் கீழே இருந்தவன் என்ன செய்தான் என்று கேட்டேன்.

"அவன் பாட்டுக்கு வேலை செஞ்சான். யார்டு கேமரா படம் எல்லாம் அந்த நாலு மெஷின்லதான போய் விழுது? வாட்ச்மேன் ரூம் டிவியில பாத்துக்கிட்டே இருந்தேன். பழைய படத்தைப் பின்னால ஓட்டிக்கூட பாத்தேன். ஒரு தடவைகூட நிக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தாதா, என்னாலதானா?"

எழுந்து உள்ளே போனேன். பதில் சொல்ல நேரம் இல்லை, பதிலும் அவர் நினைத்தது இல்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, கவனியுங்கள். எனக்கு வேண்டியிருந்தது குற்றவாளி அல்ல. கீழ் ஸ்விட்ச் தனியாகத் தாங்கும் என்பதற்கு ஒரு சாட்சி. அதை அந்த மனுஷர் முந்தின நாளே, சங்கு ஊதி, ஊதுபத்தி கொளுத்தி, சோதித்து முடித்திருந்தார். குற்றவாளியைத் தேடிக் கத்தின வரைக்கும் அந்தச் சாட்சி படிக்கட்டில் ஆறின டீயோடு ஒளிந்துகொண்டிருந்தது.

ரம்யாவிடம் இரண்டு வரியில் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, காகிதத்தைவிடக் கனமான அந்தக் கேமரா படம் நேற்று விடாமல் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. தலையை ஆட்டினாள். அப்போதுதான் கையை முன்னால் கொண்டுவந்தேன். மேல் ஸ்விட்ச்சின் பவரைப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிளக்கைப் பிடுங்கியிருக்கிறேன். அன்றைக்குப் போல எதுவும் கனத்ததில்லை.

பிடுங்கினேன். பச்சை விளக்குகள் செத்தன. கீழே, பேட்டரிக்குப் பின்னால், மற்றவன் படபடவென்று சிமிட்டினான். ரம்யாவின் திரையில் ஒரு நீண்ட நிறுத்தம். பெரிய பாபு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"பெரிசு போறது சார்," என்றாள் ரம்யா. கொஞ்சம் பொறுத்து, "எல்லாம் போறது."

அடுத்த அறையில் பிரின்டர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. பிஸ்வாஸ் பாபு காகிதங்களைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடினார். வண்டி எடுக்கவில்லை, அந்தத் தெருவில் அன்றைக்குக் காலுக்குத்தான் வழி. ஜன்னலில் நாங்கள் எல்லோரும் நின்றோம். எனக்கு நிற்க முடியவில்லை, மொட்டை மாடிக்கு ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். கடைசியில் குடோன் கூரைகளுக்கு மேலாக அந்தக் கப்பலின் புகைபோக்கி நகர்ந்தது. முதலில் பக்கத்துக் கட்டடம் நகர்கிறது என்றே நினைத்தேன். பிஸ்வாஸ் பாபு லாக் கேட்டில் நின்றபடி போன் செய்தார். மூச்சு வாங்கியதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

கன்சோல் கேபிள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. மேல் ஸ்விட்ச்சைத் தனியாக எழுப்பிப் பார்த்தோம். நாங்கள் சொன்னதையெல்லாம் மறந்து, பழைய சப்நெட் முகவரியோடு, பழைய குறுகலான தெருவோடு எழுந்தது. மாற்றியதை அதன் நினைவில் சேவ் செய்யவில்லை. ஓடுகிற வரைக்கும் தெரியாது. ஒருமுறை படுத்து எழுந்தால்தான் தெரியும். சேவ் செய்யாமல் விட்டது எங்களில் யார் என்று கேட்பீர்கள். அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எழுத மாட்டேன்.

பெரிய பாபு கேட்டார். ஆபீஸ் மொத்தமும் நிற்கும்போது, எவன் செய்தது, பெயரைச் சொல்லுங்கள் என்றார். கப்பல் போய்விட்டது, ஆனால் காலையில் வாய்விட்டுச் சொன்னதை அவர் காப்பாற்ற வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் நித்யதா டெஸ்டரைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் மாதிரி.

எனக்கு என் பெயர் பெரிது. கம்பெனியின் பெயர் அதைவிடப் பெரிது. ஒரு எலெக்ட்ரீஷியன் பவரைப் பிடுங்கினார் என்று சொன்னால் இரண்டும் தப்பிக்கும். அது பொய்யும் இல்லை. ஆனால் ஸ்விட்ச் என்பது அணைந்தால் எழ வேண்டிய பொருள். கரண்ட் போனாலும் அது இப்படித்தான் எழுந்திருக்கும். பூஜை நாளில், வேலை இல்லாத வேளையில் படுத்ததால் பிழைத்தோம்.

"ஸ்விட்ச் ஒரு தடவை அணைஞ்சுது பாபு. எழுந்தப்ப பாடம் மறந்து எழுந்துச்சு. பாடம் சொல்லிக் குடுக்க வேண்டியது எங்க வேலை. அரைகுறையா விட்டுட்டோம். வேற பேரு எங்கிட்ட இல்ல."

பெரிய பாபு என்னைப் பார்த்தார். ரணோவைப் பார்த்தார். கதவுப் பக்கமும் பார்த்தார் என்றே நினைக்கிறேன். அந்தப் பொட்டை அவரும்தானே பார்த்தார். பிறகு எல்லோருக்கும் டீ சொன்னார்.

கேப்பில் திரும்பினோம். ராஷ்பிஹாரி தாண்டும்போது ரம்யா, எங்கள் கஸ்டமர்கள் எல்லோருடைய ஸ்விட்ச்சையும் நாளையிலிருந்து ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து எழுப்பிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நான் கேட்காமல் அவள் கேட்டது அது. பார்த்ததில் இன்னும் சில ஸ்விட்ச்சுகள் பாடம் மறந்து எழுந்தன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த விஸ்வகர்மா பூஜைக்கு முன்னால் எனக்கு நித்யதாவிடமிருந்து போன். பூஜைக்கு வர வேண்டும், ரம்யா தீதியையும், ரம்யா அக்காவைத்தான் சொல்கிறார், கூட்டி வர வேண்டும். போனோம். பேட்டரி அடுக்கை ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார், கீழே இருப்பவனின் நெற்றியும் எட்டுகிற மாதிரி. மேலே இருப்பவனைப் படுக்க வைத்தோம், சங்கு ஊதினார்கள், மறுபடி எழுப்பினோம். பாடம் நினைவிருக்கிறதா என்று ரம்யா கேட்டுப் பார்த்தாள். இருந்தது. அதற்குப் பிறகுதான் பொட்டு. அடுத்து கீழே இருப்பவன். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். அந்த வழக்கம் அங்கே இன்னும் நடக்கிறது. நானும் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன பூஜையில் நித்யதா மோதிர விரலில் சிந்தூரத்தைத் தொட்டுக்கொண்டு ஸ்விட்ச் முன்னால் வந்து நின்றார். விரல் பாதி தூரம் போய் நின்றது. திரும்பி ரம்யாவைப் பார்த்தார்.

"தீதி, சேவ் கொரேச்சோ தோ?"

சேவ் செய்துவிட்டாளா என்று கேட்கிறார். அவள் செய்திருந்தாள், நானே பார்த்தேன். ஆனாலும் லேப்டாப்பைத் திறந்து இன்னொரு முறை செய்தாள். அதுவரைக்கும் அந்த விரல் அப்படியே நின்றது.